ஏஎஃப் மாத்திரைகள்: மெடிக்கல் கவுண்டரில் வரும் கேள்விகளும் பதில்களும்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மருந்துக் கடையின் கண்ணாடி மேசைக்குப் பின்னால் நிற்க ஆரம்பித்து 22 வருடமாகிறது. ‘ஏஎஃப்’, அதாவது இதயத் துடிப்பின் தாளம் கெடும் கோளாறு, என்று எழுதிய சீட்டோடு முன்பெல்லாம் மாதத்துக்கு இரண்டு மூன்று பேர் வருவார்கள். இப்போது வாரத்துக்கே அத்தனை பேர். மஞ்சக்குப்பம் அரசு தலைமை மருத்துவமனையிலோ, புதுச்சேரி ஜிப்மரிலோ காட்டிவிட்டு வருகிறார்கள். டாக்டர் முன்னால் கேட்க வாய் வராததை எங்களிடம் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளைக் கேட்ட மாதிரியே கீழே தந்திருக்கிறேன். நான் மருந்தாளுநர்தான், டாக்டர் கிடையாது. உங்கள் மாத்திரையின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்களைப் பரிசோதித்தவரின் வேலை.

ஏஎஃப் என்றால் ஹார்ட் அட்டாக்கா?

இல்லை. ஹார்ட் அட்டாக்கில் இதயத்தின் ரத்தக் குழாய் அடைக்கிறது. ஏஎஃப் என்று சுருக்கமாகச் சொல்லும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் கோளாறு இதயத்தின் மின்னோட்டத்தில். வைகாசியில் பாடலீஸ்வரர் கோயில் தேர் இழுக்கும்போது பார்த்திருப்பீர்கள். எல்லோரும் ஒரே மூச்சில் வடத்தை இழுத்தால் தேர் நகரும். ஆளாளுக்கு ஒரு நேரத்தில் இழுத்தால் வடம் குலுங்கும், தேர் நின்ற இடத்திலேயே நிற்கும். ஏஎஃப் வந்த இதயத்தின் மேலறைகளும் அப்படித்தான். நிமிடத்துக்கு 350 முதல் 600 வரை சிக்னல் கிளம்புகிறது. மேலறை சுருங்கி ரத்தத்தைத் தள்ளாமல் வெறுமனே நடுங்குகிறது. நடுவில் ஏவி நோடு என்ற வாயிற்காவலன் இருப்பதால் அத்தனையும் கீழறைக்குப் போவதில்லை. ஆனாலும் நாடி நூறைத் தாண்டி, சிலருக்கு 150, 160 என்று தாறுமாறாக ஓடும். படபடப்பு, மூச்சிரைப்பு, மாடி ஏறினால் களைப்பு என்று சிலர் சொல்வார்கள். வேறு சிலருக்கு ஒன்றுமே தெரியாது. கண்புரை ஆபரேஷனுக்கு முன்னால் ஈசிஜி எடுத்தபோது தெரிந்தது என்று வருகிறவர்கள் எத்தனையோ பேர்.

சீட்டில் நாலு மாத்திரை இருக்கிறது. எது எதற்கு?

இந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர். மஞ்சப்பையைக் கவிழ்த்து மேசைமேல் அட்டைகளைக் கொட்டுவார், ஒவ்வொன்றாகத் தள்ளி வைப்பார். ஒரு நாள் ஓர் அட்டையை மட்டும் என் பக்கம் தள்ளி, “இது வேணாம் தம்பி, இது போட்டாலும் போடாட்டியும் ஒண்ணும் தெரியல. விலையும் ஜாஸ்தி” என்றார். படபடப்புக்கான மாத்திரையை மட்டும் எடுத்துக்கொண்டார். டாக்டரைக் கேட்டுவிட்டு நிறுத்துங்கள் சார் என்று சொன்னேன். அதற்குமேல் வற்புறுத்தவில்லை. இரண்டு மாதம் கழித்து அவர் மகன் வந்தார். அப்பாவுக்கு வலது கை தூக்க முடியவில்லை, பேச்சு குழறுகிறது என்றார். அவர் தள்ளி வைத்தது ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை.

ஏஎஃப் சீட்டில் மூன்று வகை இருக்கும். முதல் வகை, மேலறையில் ரத்தம் தேங்கிக் கட்டியாகாமல் தடுப்பது: வார்ஃபரின், அசினோகௌமரால், டாபிகாட்ரான், ரிவரோக்சபான், அபிக்சபான் இவற்றில் ஏதோ ஒன்று. இரண்டாவது, துடிப்பின் வேகத்தைக் குறைப்பது: மெட்டோபுரோலால், பிசோபுரோலால், டில்டியாசெம், டிகாக்சின். மூன்றாவது, தாளத்தையே பழைய நிலைக்குத் திருப்பப் பார்ப்பது: அமியோடரோன், ஃப்ளெகைனைடு போன்றவை. எல்லோருக்கும் மூன்றும் தேவைப்படாது. நாலாவதாக இருப்பது பெரும்பாலும் பிபிக்கோ சர்க்கரைக்கோ இருக்கும்.

இரண்டாவது, மூன்றாவது வகை போட்டால் உடம்புக்குத் தெரியும், படபடப்பு அடங்கும். முதல் வகை வேலை செய்கிறதா என்பது உடம்புக்குத் தெரியவே தெரியாது. அதனால்தான் ஜனங்கள் அதை நிறுத்துகிறார்கள். பக்கவாதத்தைத் தடுப்பதோ அது ஒன்றுதான்.

படபடப்பு நின்றுவிட்டதே, இன்னும் எதற்கு உறைவுத் தடுப்பு மாத்திரை?

இடது மேலறையில் காது மடல் மாதிரி ஒரு சின்னப் பை தொங்கிக்கொண்டிருக்கிறது. மேலறை நடுங்கும்போது ரத்தம் அங்கேதான் தேங்கிக் கட்டியாகும். அந்தக் கட்டி பெயர்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். ஏஎஃப் இருப்பவருக்கு இந்த ஆபத்து மற்றவர்களைவிடச் சுமார் ஐந்து மடங்கு. படபடப்பு இல்லாதபோதும் ஏஎஃப் வந்து வந்து போகலாம். வந்து போகும் ஏஎஃப்தானே என்று இந்த மாத்திரையை விட்டுவிட முடியாது.

யாருக்கு வேண்டும் என்று முடிவு செய்ய டாக்டர்கள் மதிப்பெண் போடுகிறார்கள். ‘சாட்ஸ் வாஸ்க்’ என்று அவர்கள் வாயில் அடிபடும். இதயச் செயலிழப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்தக் குழாய் நோய் ஆகியவற்றுக்கு ஒவ்வொரு மதிப்பெண். வயது 65 முதல் 74 வரை ஒன்று, 75 ஆகிவிட்டால் இரண்டு. ஏற்கெனவே பக்கவாதம் வந்திருந்தால் இரண்டு. பெண் என்றால் ஒன்று கூட்டுவது வழக்கமாக இருந்தது. 2024 ஐரோப்பிய வழிகாட்டுதலில் அதை எடுத்துவிட்டார்கள். அந்தப் புதுக் கணக்கில் இரண்டு வந்தால் மாத்திரை வேண்டும், ஒன்று வந்தால் யோசித்துக் கொடுக்கலாம். 68 வயது, பிபி, சர்க்கரை என்று நம் தெருவில் யாரைக் கேட்டாலும் மூன்று வந்துவிடும். இந்த மாத்திரை பொதுவாக ஆயுள் முழுக்க. ஒரு கோர்ஸ் போட்டு முடிக்கிற சங்கதி இது இல்லை.

ஆஸ்பிரின் போதாதா? அதுவும் ரத்தத்தை இளக்குவதுதானே?

போதாது. 2011-ல் வெளிவந்த அவெரோஸ் ஆய்வில், வார்ஃபரின் ஒத்துவராது என்று கருதப்பட்ட ஏஎஃப் நோயாளிகளில் ஒரு பாதிக்கு ஆஸ்பிரினும் மறுபாதிக்கு அபிக்சபானும் கொடுத்துப் பார்த்தார்கள். அபிக்சபான் எடுத்தவர்களுக்குப் பக்கவாதம் பாதிக்கும் கீழே இறங்கியது. பெரிய ரத்தக்கசிவில் இரண்டுக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. ஆஸ்பிரின் லேசானது, வயிற்றை ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு வேறு கணக்கு, அதை இதோடு சேர்க்க வேண்டாம்.

பழைய மாத்திரை நல்லதா, புது மாத்திரை நல்லதா?

உங்கள் இதய வால்வைக் கேட்க வேண்டும். உலோக வால்வு பொருத்தியவர்களுக்குப் பழைய மாத்திரைதான், அதாவது வார்ஃபரின் அல்லது அசினோகௌமரால். உலோக வால்வுக்கு டாபிகாட்ரான் கொடுத்துப் பார்த்த ஆய்வில் கட்டியும் கூடியது, கசிவும் கூடியது. 2013-ல் அந்த முடிவு வந்ததோடு அந்தப் பேச்சு நின்றது. இன்னொரு கூட்டம், சிறு வயதில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து ருமாட்டிக் காய்ச்சல் வந்து மைட்ரல் வால்வு சுருங்கியவர்கள். நம் ஊர்ப் பக்கம் முப்பது, நாற்பது வயதிலேயே ஏஎஃப் வந்து நிற்பவர்களில் இவர்கள் அதிகம். ருமாட்டிக் இதய நோயோடு ஏஎஃப் இருப்பவர்களை வைத்து 2022-ல் இன்விக்டஸ் என்ற ஆய்வு வந்தது. புது மாத்திரையான ரிவரோக்சபான் பழையதற்குக் குறையாது என்று எதிர்பார்த்தார்கள். பழைய மாத்திரை எடுத்தவர்களிடம்தான் மரணம் குறைவாக இருந்தது. அதனால் மைட்ரல் வால்வு நன்றாகச் சுருங்கியவர்களுக்கு இன்றும் பழையதுதான்.

இந்த இரண்டும் இல்லாதவர்களுக்கு இப்போது புது மாத்திரையே முதல் தேர்வு. 2009-ல் டாபிகாட்ரானுக்கும் 2011-ல் ரிவரோக்சபான், அபிக்சபானுக்கும் பெரிய ஆய்வுகள் வந்தன. பக்கவாதத்தைத் தடுப்பதில் வார்ஃபரினுக்குச் சமம் அல்லது ஒரு படி மேல். மூளைக்குள் கசிவது கணிசமாகக் குறைவு. மாதாமாதம் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வேண்டியதில்லை. விலைதான் முன்பு தடையாக இருந்தது. பேட்டன்ட் முடிந்து பல கம்பெனிகள் தயாரிக்க வந்தபின் நன்றாக இறங்கிவிட்டது. ஒரே மருந்துக்குக் கம்பெனிக்குக் கம்பெனி விலை மாறும். மருந்தின் மூலப் பெயரைச் சொல்லி, குறைந்த விலையில் எது இருக்கிறது என்று கேளுங்கள். மக்கள் மருந்தகத்திலும் முதல்வர் மருந்தகத்திலும்கூட விசாரியுங்கள். கேட்டால் கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்தால் கடையை மாற்றுங்கள்.

வார்ஃபரின் எலி மருந்து என்கிறார்களே?

உண்மைதான். 1920-களில் அமெரிக்கா, கனடாப் பண்ணைகளில் பூஞ்சை பிடித்த ஒருவகைத் தீவனத்தைத் தின்ற மாடுகள் ரத்தம் கசிந்து செத்தன. அந்தத் தீவனத்தில் இருந்த பொருளை விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பிரித்தெடுத்தார்கள். அதன் வழியில் உருவானதுதான் வார்ஃபரின். 1948-ல் எலி மருந்தாகத்தான் சந்தைக்கு வந்தது, 1954-ல் மனிதருக்கு அனுமதி கிடைத்தது. மறு வருடம் அமெரிக்க ஜனாதிபதி ஐசன்ஹோவருக்கு மாரடைப்பு வந்தபோது அவருக்கே கொடுத்தார்கள். எலிக்கு அளவு தெரியாது. உங்களுக்கு அளவு பார்க்க ஐஎன்ஆர் இருக்கிறது, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை அது.

ஐஎன்ஆர் எவ்வளவு இருக்க வேண்டும்? எத்தனை நாளுக்கு ஒரு தடவை?

ஏஎஃப்-க்கு 2 முதல் 3 வரை. உலோக வால்வு இருந்தால் டாக்டர் இன்னும் மேலே வைத்திருப்பார். 2-க்குக் கீழே போனால் கட்டி, 4-க்கு மேலே போனால் கசிவு. ஆரம்பத்தில் சில நாளைக்கு ஒருமுறை, நிலைத்தபின் மாதத்துக்கு ஒருமுறை. முடிந்தவரை ஒரே லேபில் கொடுங்கள். ரிசல்ட்டை நோட்டில் தேதியோடு எழுதி, பக்கத்திலேயே அந்த வாரம் போட்ட அளவையும் எழுதுங்கள். நாற்பது பக்கப் பள்ளிக்கூட நோட்டு போதும்.

அசினோகௌமராலில் 1, 2, 3, 4 மில்லிகிராம் என்று அட்டைகள் வருகின்றன. எங்கள் கடையிலேயே நடந்த தவறு இது. ஒன்று கேட்ட அம்மாவுக்கு உதவிப் பையன் நாலை எடுத்துக் கொடுத்துவிட்டான். நல்ல காலம், அந்த அம்மா அட்டையின் நிறம் மாறியிருப்பதைப் பார்த்து மறுநாள் காலையிலேயே திரும்பி வந்தார். அன்றிலிருந்து அட்டையைத் திருப்பி மில்லிகிராமை வாய்விட்டுப் படித்துக் காட்டாமல் கொடுப்பதில்லை. உங்கள் கடைக்காரர் படிக்காவிட்டால் நீங்கள் படியுங்கள்.

கீரையே சாப்பிடக் கூடாதாமே?

முருங்கைக்கீரையை அறவே நிறுத்திவிட்டேன் என்று பெருமையாகச் சொல்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். கீரையில் இருக்கும் வைட்டமின் கே பழைய மாத்திரையின் வேலையைக் குறைக்கும். அதனால் சாப்பிடும் அளவு திடீரென்று மாறக் கூடாது. வாரத்தில் இரண்டு நாள் கீரை சாப்பிடும் வீடு என்றால் அப்படியே தொடருங்கள், உங்கள் மாத்திரை அளவு அதற்குத் தக்கபடி அமைந்துவிடும். இரண்டு வாரம் மகள் வீட்டுக்குப் போய் தினமும் கீரை என்றால் திரும்பி வந்ததும் ஐஎன்ஆர் பாருங்கள். புது மாத்திரைக்காரர்களுக்கு இந்தக் கவலையே இல்லை.

புது மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா?

ரிவரோக்சபான் 15, 20 மில்லிகிராம் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத்தான். வெறும் வயிற்றில் போட்டால் மருந்தில் மூன்றில் ஒரு பங்கு ரத்தத்துக்கே போய்ச் சேராது. ஏகாதசி, கிருத்திகை என்று விரதம் இருப்பவர்கள் இதை டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். இரவில் பாலும் பழமும்தான் என்றால் மதியச் சாப்பாட்டோடு போடும்படி மாற்றித் தருவார். அபிக்சபானுக்குச் சாப்பாட்டுக் கணக்கு இல்லை, காலை ஒன்று மாலை ஒன்று. டாபிகாட்ரானும் இரண்டு வேளை. அந்தக் கேப்சூலைப் பிரித்துத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கவே கூடாது, அளவு கன்னாபின்னாவென்று ஏறிவிடும். வாரத்துக்கான டப்பாவில் பிரித்துப் போட்டும் வைக்காதீர்கள், ஈரம் பட்டால் கெட்டுவிடும். அதன் அட்டையிலேயே இருக்கட்டும். சிலருக்கு நெஞ்செரிச்சல் வரும்.

அளவு விஷயம் ஒன்று. அபிக்சபான் வழக்கமாக 5 மில்லிகிராம். வயது 80 அல்லது அதற்கு மேல், எடை 60 கிலோ அல்லது அதற்குக் கீழ், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்த அளவான கிரியாட்டினின் 1.5 அல்லது அதற்கு மேல் என்ற மூன்றில் இரண்டு இருந்தால்தான் 2.5. “வயசானவர், எதுக்கும் சின்னதாவே கொடுங்க” என்று கேட்டு வாங்குகிற விஷயம் இல்லை. அளவு குறைந்தால் காப்பும் குறையும். இந்த மாத்திரைகள் சிறுநீரகம் வழியாகவும் வெளியேறுவதால், வருடத்துக்கு ஒருமுறையாவது கிரியாட்டினின் பார்க்க வேண்டும். வயதானவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை.

ஒரு வேளை மறந்துவிட்டால்?

இரண்டு வேளை மாத்திரை என்றால் ஆறு மணி நேரத்துக்குள் ஞாபகம் வந்தால் போடலாம். ஒரு வேளை மாத்திரை என்றால் பன்னிரண்டு மணி நேரத்துக்குள். அதைத் தாண்டினால் விட்டுவிட்டு, அடுத்த வேளைக்கு வழக்கம் போல் ஒன்று. சேர்த்து இரண்டாகப் போடாதீர்கள். பழைய மாத்திரையை மறந்தால் அன்றைக்குள் போடலாம். மறுநாள்தான் தெரிந்தது என்றால் விட்டுவிட்டு நோட்டில் எழுதுங்கள், ஐஎன்ஆர் ஏன் இறங்கியது என்று டாக்டருக்குப் புரியும்.

துடிப்பைக் குறைக்கும் மாத்திரையில் கவனிக்க வேண்டியது?

சும்மா உட்கார்ந்திருக்கும்போது நாடி 110-க்குக் கீழே இருந்தால் பலருக்கு அதுவே போதும் என்று 2010-ல் ஒரு நெதர்லாந்து ஆய்வு காட்டியது. அப்போதும் மூச்சு வாங்கினால் 80-க்குக் கொண்டு வரப் பார்ப்பார்கள். நாடியை விரல் வைத்து ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள். பதினைந்து வினாடி எண்ணி நாலால் பெருக்குவது ஏஎஃப்-ல் சரிவராது, தாளம்தான் ஒழுங்கில்லையே. வீட்டு பிபி மெஷினும் தடுமாறும். மூன்று தடவை பார்த்துச் சராசரி எடுங்கள்.

மெட்டோபுரோலால் போடுகிறவர்கள் திடீரென்று நிறுத்தினால் துடிப்பு எகிறும். ஆஸ்துமா இருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். டில்டியாசெம், வெராபமில் இரண்டும் இதயம் பலவீனமானவர்களுக்கு ஆகாது. அம்லோடிபின் பிபிக்குத்தான், துடிப்பை அது குறைக்காது. “ஏற்கெனவே பிபி மாத்திரை போடுறேனே” என்பவர்களுக்கு இதையே தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

டிகாக்சின் தனிக் கதை. ஐரோப்பாவில் ஃபாக்ஸ்குளோவ் என்ற பூச்செடியின் இலையைக் கொடுத்துப் பார்த்து, 1785-ல் வில்லியம் விதரிங் என்ற மருத்துவர் எழுதி வைத்ததிலிருந்து வருகிறது. நம் வேலியோரம் நிற்கும் அரளியில் இருக்கும் விஷமும் இதே குடும்பம். அரளி விதை இதயத்தை எப்படி நிறுத்துமோ, டிகாக்சின் அளவு மீறினாலும் அதே வழிதான். பல டாக்டர்கள் வாரத்தில் ஐந்து நாள் போட்டு, சனி ஞாயிறு விடச் சொல்வார்கள். சீட்டில் ‘5/7’ என்று இருக்கும். ஏழு மாத்திரை, ஐந்து வேளை என்று அதைப் படித்தவரையும் பார்த்திருக்கிறேன். சாப்பாடு பிடிக்காமல் போவது, குமட்டல், பார்ப்பதெல்லாம் மஞ்சளாகத் தெரிவது, நாடி ரொம்பக் குறைவது, இதில் எது வந்தாலும் அன்றே டாக்டரைப் பாருங்கள். வெயில் காலத்தில் வயிற்றுப்போக்கு வந்து உடம்பில் நீரும் பொட்டாசியமும் குறைந்தால் வழக்கமான அளவே விஷமாகும்.

அமியோடரோன் கொடுத்திருக்கிறார்கள். பயப்பட வேண்டுமா?

பயம் வேண்டாம், கண்காணிப்பு வேண்டும். தாளத்தைத் திருப்புவதில் இதைவிட வலுவான மாத்திரை இல்லை. தொல்லையிலும் இதற்கு ஈடு இல்லை. 200 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் சுமார் 75 மில்லிகிராம் அயோடின் இருக்கிறது. தைராய்டு ஏறவும் செய்யும், இறங்கவும் செய்யும். அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தைராய்டும் கல்லீரலும் பார்க்க வேண்டும். புதிதாக வறட்டு இருமல், மூச்சிரைப்பு வந்தால் சளி என்று டானிக் வாங்க வராதீர்கள், நுரையீரலைப் பார்க்க வேண்டும். வெயில் பட்டால் தோல் எரியும். தேவனாம்பட்டினத்தில் வலை காயவைக்கும் அண்ணன் ஒருவருக்கு முகமே கறுத்துப் போனது. தொப்பியும் முழுக்கைச் சட்டையும் போடச் சொன்னோம். நிறுத்தினாலும் உடம்பை விட்டுப் போக மாதக்கணக்கில் ஆகும்.

வார்ஃபரினோ அசினோகௌமராலோ போட்டுக்கொண்டிருக்கும்போது அமியோடரோன் சேர்ந்தால் ஐஎன்ஆர் மெல்ல மெல்ல ஏறும். பழைய மாத்திரையின் அளவை மூன்றில் ஒரு பங்கு, சிலருக்குப் பாதிகூட, குறைக்க வேண்டி வரும். ரத்தத்தில் டிகாக்சின் அளவும் கூடவே ஏறும். இரண்டு இடத்தில் வைத்தியம் பார்ப்பவர்கள், இரண்டு சீட்டையும் இரண்டு டாக்டரிடமும் காட்டுங்கள்.

ஃப்ளெகைனைடு, புரோபஃபெனோன் இதய அமைப்பு நன்றாக இருப்பவர்களுக்கு மட்டும். மாரடைப்பு வந்தவர்களுக்கு ஃப்ளெகைனைடு கொடுத்தபோது மரணம் கூடியதை 1989-லேயே பார்த்துவிட்டார்கள்.

தாளத்தைத் திருப்புவது நல்லதா, வேகத்தைக் குறைத்தால் போதுமா?

2002-ல் வந்த அஃபர்ம் ஆய்வு, இரண்டுக்கும் ஆயுளில் வித்தியாசம் இல்லை என்றது. 2020-ல் வந்த இன்னொரு ஆய்வு, ஏஎஃப் கண்டுபிடித்த முதல் வருடத்துக்குள்ளேயே தாளத்தைத் திருப்பினால் பலன் என்றது. ஆகவே புதிதாக வந்தவர்கள் இதை டாக்டரிடம் கேட்கலாம். ஷாக் கொடுத்துத் திருப்புவதானால், ஏஎஃப் 48 மணி நேரத்தைத் தாண்டியிருந்தாலோ எப்போது தொடங்கியது என்று தெரியாவிட்டாலோ, அதற்கு முன் மூன்று வாரமும் பின் நாலு வாரமும் உறைவுத் தடுப்பு மாத்திரை ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. இல்லையென்றால் உணவுக் குழாய் வழியாக எக்கோ எடுத்து ரத்தக் கட்டி இல்லை என்று பார்த்துக்கொள்வார்கள். இதயத்துக்குள் ஒயர் விட்டுச் சுடும் அப்லேஷன் மருந்துக் கடை விஷயம் இல்லை. ஒன்று மட்டும்: அது செய்துகொண்டால் உறைவுத் தடுப்பு மாத்திரை தானாக நின்றுவிடும் என்று நினைக்காதீர்கள்.

மூட்டு வலிக்கு ஒரு மாத்திரை கொடுங்களேன்?

டைக்ளோஃபெனாக், அசிகுளோஃபெனாக், ஐபுபுரோஃபென் கேட்டு வந்தால், ஏஎஃப்காரர் என்று தெரிந்தால் கொடுக்க மாட்டேன். வயிற்றில் புண்ணாக்கும், உறைவுத் தடுப்போடு சேர்ந்தால் கசியும். பாரசிட்டமால் போடலாம். அதையும் தினமும் நாலைந்து என்று பல நாள் போட்டால் பழைய மாத்திரைக்காரர்களுக்கு ஐஎன்ஆர் ஏறும்.

அப்புறம் ஊசி. காய்ச்சல் என்றால் இடுப்பில் ஓர் ஊசி போட்டுக்கொள்ளாமல் கிளினிக்கை விட்டு இறங்காத ஊர் இது. உறைவுத் தடுப்பு மாத்திரை போடுகிறவர்களுக்குத் தசையில் ஊசி போட்டால் உள்ளே ரத்தம் கட்டி, உள்ளங்கை அகலத்துக்கு நீலமாக வீங்கும். “ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடுறேன், ஊசி வேணாம்” என்று உட்கார்ந்ததுமே சொல்லுங்கள். மெட்ரோனிடசோல், கோட்ரைமாக்சசோல், ஃப்ளூகோனசோல் போன்றவை ஐஎன்ஆரை ஏற்றும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் எல்லா உறைவுத் தடுப்பையும் வலுவிழக்கச் செய்யும். வலிப்புக்கான ஃபெனிட்டாய்ன், கார்பமசெபின் புது மாத்திரையைக் குறைக்கும். நாட்டு மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

பல் பிடுங்கணும். மாத்திரையை எத்தனை நாள் நிறுத்தணும்?

நீங்களாக ஒரு நாள்கூட நிறுத்த வேண்டாம். ஐஎன்ஆர் வரம்புக்குள் இருந்தால் சாதாரணமாக ஒன்றிரண்டு பல் பிடுங்க மாத்திரையைத் தொடரலாம், பஞ்சு வைத்து அழுத்தினால் நிற்கும். புது மாத்திரை என்றால் அன்று காலை வேளையைத் தள்ளிப் போடச் சொல்லலாம். பெரிய ஆபரேஷன் என்றால் எத்தனை நாள் என்பதை இதய டாக்டரும் அறுவை டாக்டரும் பேசி முடிவு செய்வார்கள். திருவந்திபுரத்தில் மொட்டை போடுகிறேன் என்று வேண்டியிருந்தால் தாராளமாகப் போடுங்கள். புது பிளேடுதானா என்று பாருங்கள், கீறல் பட்டால் சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள்.

கீழே விழுந்தால் ரத்தம் நிற்காதே, அப்பாவுக்கு இந்த மாத்திரை எதற்கு?

தடுமாறி விழுவார் என்ற பயத்தால் மட்டும் மாத்திரையை மறுப்பது பெரும்பாலும் தப்புக் கணக்கு. விழுந்து மூளையில் கசியும் வாய்ப்பைவிடப் பக்கவாதம் வரும் வாய்ப்புதான் அதிகம். மாத்திரையை நிறுத்துவதற்குப் பதிலாகக் குளியலறையில் கைப்பிடி வையுங்கள். ஆனால் தலையில் அடி பட்டால், காயமே இல்லாவிட்டாலும், அன்றே ஸ்கேன் எடுக்க வேண்டும். தார் மாதிரி கறுப்பாக மலம் போவது, சிறுநீர் சிவப்பாவது, மூக்கில் ரத்தம் நிற்காமல் வருவது, இதற்கெல்லாம் விடியும்வரை காத்திருக்காதீர்கள்.

முகம் ஒரு பக்கம் கோணினால், கை தூக்க முடியாவிட்டால், பேச்சு குழறினால் 108. கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. எந்த உறைவுத் தடுப்பு மாத்திரை, கடைசியாக எத்தனை மணிக்குப் போட்டது என்ற இரண்டையும் அங்கே முதலில் கேட்பார்கள். அட்டையைக் கையோடு கொண்டு போங்கள்.

பாண்டிக்குப் போனால் கொஞ்சம் குடிக்கலாமா?

எதற்காகக் கேட்கிறார்கள் என்று பாண்டி எல்லையான முள்ளோடை தாண்டிப் போய்வந்த எல்லோருக்கும் தெரியும். ஒரு ராத்திரி நிறையக் குடித்தாலே ஏஎஃப் கிளம்பும். குடியை விட்டவர்களுக்கு ஏஎஃப் திரும்ப வருவது குறைந்தது என்று 2020-ல் ஆஸ்திரேலியாவில் ஒரு ஆய்வே நடத்திக் காட்டினார்கள். ஐஎன்ஆரும் கலையும்.

பிரான்சிலிருந்து மகன் கொண்டு வந்த மாத்திரை இருக்கிறது. அதையே போடலாமா?

இது பாண்டி வீடுகளுக்கே உரிய கேள்வி, பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் குடும்பங்களில் அடிக்கடி வரும். அங்கே பிரெவிஸ்கான் என்ற பெயரில் ஃப்ளூயிண்டியோன் என்றொரு பழைய வகை உறைவுத் தடுப்பு மாத்திரை பல வருடம் புழக்கத்தில் இருந்தது. ஒவ்வாமையால் சிறுநீரகம் பாதிக்கிறது என்று 2018 டிசம்பரிலிருந்து புது நோயாளிகளுக்கு அதைத் தொடங்க வேண்டாம் என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள். நான் இங்கே ஒருமுறைகூட விற்றதில்லை. பெட்டி தீர்ந்துவிட்டது, இதே மாதிரி கொடுங்கள் என்று கேட்டால் மில்லிகிராமுக்கு மில்லிகிராம் மாற்றிக் கொடுக்க முடியாது. அது 20 மில்லிகிராம், அசினோகௌமரால் 1, 2 என்று போகும் மருந்து. பெட்டியோடு டாக்டரிடம் போங்கள். சிந்த்ரோம் என்று எழுதியிருந்தால் அது அசினோகௌமரால்தான், இங்கே கிடைக்கும்.

கல்யாணமான பெண், ஏஎஃப் மாத்திரை போடுகிறாள். குழந்தை பெற்றுக்கொள்ளலாமா?

நாள் தள்ளிப் போனபின் கேட்கும் கேள்வி இல்லை இது, முன்னாலேயே கேட்க வேண்டும். வார்ஃபரின் வகை முதல் மூன்று மாதத்தில் சிசுவைப் பாதிக்கக்கூடும். புது மாத்திரைகளையும் கர்ப்ப காலத்தில் கொடுப்பதில்லை. இடையில் ஹெப்பாரின் ஊசிக்கு மாற்றுவார்கள். உலோக வால்வு இருப்பவர்களுக்கு அந்த மாற்றமே நுணுக்கமானது, இதய மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் சேர்ந்து பார்க்க வேண்டும். பயந்துபோய்த் தானாக மாத்திரையை நிறுத்துவது தாய்க்கே ஆபத்து.

வீடு தேடி வரும் மாத்திரையில் இதுவும் இருக்குமா?

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிபி, சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வந்துவிடுகிறது, நல்லதுதான். ஆனால் அந்தக் கவர் வந்ததும் எல்லா மாத்திரையும் வந்துவிட்டது என்று நினைத்து, உறைவுத் தடுப்பை வாங்காமலே விட்டவர்கள் உண்டு. சீட்டையும் கவரையும் பக்கத்தில் வைத்துப் பெயர் பெயராக ஒத்துப் பாருங்கள்.

புயல் வந்தால் என்ன செய்வது?

கடலூர்க்காரர்கள் கேட்டே ஆக வேண்டிய கேள்வி, யாரும் கேட்பதில்லை. 2011-ல் ‘தானே’ புயல், 2015-ல் வெள்ளம், 2024 நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி பக்கத்தில் கரையேறிய ஃபெஞ்சல். ஃபெஞ்சலின்போது பெண்ணையாற்றில் தண்ணீர் வந்து, ஊரில் பல தெருக்கள் மூழ்கின. மூன்றாம் நாள் கடையைத் திறந்தபோது முதலில் வந்தவர் முழங்கால் வரை சேற்றோடு, நனைந்து எழுத்தழிந்த ஓர் அட்டையை நீட்டினார். அது டாபிகாட்ரான். இரண்டு நாள் போடவில்லை என்றார். புது மாத்திரைகளின் வேலை ஒரு நாளிலேயே இறங்கிவிடும்.

ஐப்பசி பிறக்கும்போது பத்து நாளுக்குக் கூடுதலாக வாங்கி, அட்டையோடு ஜிப் வைத்த பாலிதீன் கவரில் போட்டு, ரேஷன் கார்டும் ஆதாரும் வைக்கும் இடத்தில் வையுங்கள். முகாமுக்குப் போகும்போது அந்தக் கட்டைத்தான் எப்படியும் தூக்குவீர்கள். ஐஎன்ஆர் நோட்டின் கடைசிப் பக்கத்தை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஐஎன்ஆர் தேதி புயலில் தவறிவிட்டால் மாத்திரையைப் பழைய அளவிலேயே தொடர்ந்து, லேப் திறந்த அன்றே கொடுங்கள். முகாமில் தரும் சாப்பாடு வீட்டுச் சாப்பாடு மாதிரி இருக்காது, பழைய மாத்திரைக்காரர்களுக்கு ஐஎன்ஆர் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும்.